பொடியா, கட்டியா

என் மகள் ஓடெசாவை மருத்துவமனையிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவரக் கிளம்பினோம். மதியம் ஒரு மணி, தூறல். நான் ஓட்டினேன். பக்கத்தில் என் மனைவியின் அம்மா, மிஸ் எர்லின். பின்னால் குழந்தைக்கு வாங்கிய புது இருக்கை.

என் மனைவி ரெனிதா இறந்து ஏழு வாரம். பிரசவத்தில் ரத்தம் நிற்கவில்லை. இரண்டு மாதம் முந்திப் பிறந்ததால் ஓடெசா அதுவரை மேக்கன் நகர மருத்துவமனையில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தாள். அன்று நான்கு மணிக்குள் வந்து எடுத்துப் போகச் சொல்லியிருந்தார்கள். இரண்டு பேர் கையில்தான் தருவார்கள்: நான், அல்லது மிஸ் எர்லின்.

ஏழு வாரமாக மிஸ் எர்லின் என்னிடம் கேள்விகள் மட்டும்தான் கேட்டார். வலி எத்தனை மணிக்கு வந்தது, காரை எத்தனை மணிக்கு எடுத்தேன், இடையில் என்ன செய்தேன். அதே கேள்வியை இன்னொரு நாள் கேட்பார். பதில் மாறுகிறதா என்று பார்ப்பார்.

மேக்கனுக்கு ஒரு மணி நேரம் இருக்கும்போது பின்னால் போலீஸ் காரின் நீல விளக்கு சுழன்றது. ஓரமாக நிறுத்தினேன். மிஸ் எர்லின் இரண்டு கைகளையும் போலீசுக்குத் தெரியும்படி முழங்கால் மேல் விரித்து வைத்துக்கொண்டார்.

வந்தவன் இளைஞன். சட்டையில் ப்ரூவர் என்று இருந்தது.

"பின்லைட் ஒண்ணு எரியல சார். லைசன்ஸ், இன்சூரன்ஸ் காட்டுங்க."

"இன்சூரன்ஸ் டேஷ்போர்டு பெட்டிக்குள்ள இருக்கு. கையை விடலாமா?"

"மெதுவா."

காகிதத்தை இழுத்தபோது ஒரு பிளாஸ்டிக் பை கூடவே வந்து மிஸ் எர்லினின் காலடியில் விழுந்தது. உள்ளே நாலைந்து கரண்டி வெள்ளைப் பொடி. அது அங்கே இருப்பதையே நான் மறந்திருந்தேன்.

"அது என்னது?"

"வெள்ளை மண்ணு சார்."

"ஓ. தெருவுல இப்ப அதுக்கு அந்தப் பேரா?"

"பேரெல்லாம் இல்ல சார். மண்ணுதான். திங்கிற மண்ணு."

"மண்ணைத் திம்பீங்க."

"என் பொண்டாட்டி தின்னா. மாசமா இருந்தப்ப."

"அவங்க எங்க?"

"இறந்துட்டா."

அவன் பையைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். "எதனால?"

எங்கள் பக்கம் மாசமான பெண்கள் தின்பது அது. பெட்ரோல் பங்கில் அவித்த வேர்க்கடலைக்குப் பக்கத்தில் பொட்டலமாகத் தொங்கும். ப்ரூவர் வடக்கே ஓஹையோவிலிருந்து வந்து நான்கு மாதம்தான் ஆகிறது என்பது பிற்பாடு தெரிந்தது.

"நீங்க சொல்லுங்கம்மா," என்றான். "இந்த மண்ணு உங்களுக்குத் தெரியுமா?"

மிஸ் எர்லின் குனிந்து பையைப் பார்த்தார். தொடவில்லை.

"எம் பொண்ணுக்கு நான் வாங்கிக் குடுத்தது கட்டி. சாக்பீஸ் மாதிரி இருக்கும், கடிச்சுத் திம்போம். நாலு தலைமுறையா நாங்க யாரும் பொடியாத் தின்னதில்ல."

"அவளுக்குப் பல்வலி, மிஸ் எர்லின். கடிக்க முடியல. நான்தான் இடிச்சுக் குடுத்தேன்."

"எங்கிட்ட அவ பல்வலின்னு சொல்லவே இல்லையே."

எங்களை இறக்கி மழையில் நிற்கவைத்தான். போதை மருந்தைச் சோதிக்கும் ஒரு சின்ன உறைக்குள் சிட்டிகைப் பொடியைப் போட்டு, உள்ளே இருந்த கண்ணாடிக் குப்பியை உடைத்துக் குலுக்கினான். தூக்கிப் பிடித்தான்.

"நீலம்," என்றான். "கொக்கைன்னாதான் நீலமாகும்."

நான் கல்லூரியில் மண்ணியல் படித்தவன். களிமண் ஆலையில் வேலை. வெள்ளை எவ்வளவு வெள்ளை என்று அளப்பது. அவன் கார் விளக்கு எங்கள் மேல் சுழன்று வந்துகொண்டிருந்தது. என் வெள்ளைச் சட்டையும் நீலமாகத்தான் இருந்தது.

"சார், அந்த லைட்டை அணைச்சிட்டு ஒரு தடவை பாருங்க."

"எனக்குக் கண்ணு நல்லாத் தெரியும்."

"ஒரே ஒரு தடவை."

"வண்டியில ரெண்டு பேரு இருந்தீங்க. யாரோடதுன்னு ஒருத்தர் சொல்லணும். சொல்லலைன்னா ரெண்டு பேரையும் ஏத்திட்டுப் போவேன்."

மணி இரண்டு. மேக்கனுக்கு ஒரு மணி நேரம்.

"என்னுது," என்றேன்.

மிஸ் எர்லின் திரும்பி என்னைப் பார்த்தார். ஏழு வாரம் கேட்ட கேள்விக்குப் பதில் கிடைத்தவர் போல இருந்தார்.

"சாவி வண்டியிலயே இருக்கு," என்றேன். "பாப்பாவை எடுத்துக்கங்க."

அவர் ஓட்டுநர் இருக்கையில் ஏறினார். அதை முன்னுக்கு இழுத்துச் சரிசெய்தார். கிளம்பிப் போனார்.

சிறையில் என்னோடு அறையில் இருந்தவன் கார் திருடியவன். கதையைக் கேட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரித்தான். "எங்கம்மா என்னை வயித்துல வெச்சுக்கிட்டு ஒரு வண்டி மண்ணு தின்னுச்சு. நீ ஒரு கரண்டிக்கு உள்ள வந்திருக்க. அண்ணே, உனக்கு ராசியே இல்லண்ணே."

மறுநாள் எனக்காக அரசு அமர்த்திய வக்கீல் வந்தார். என்னோடு அன்று அவருக்கு இன்னும் பதினொரு பேர்.

"ஒத்துக்கிட்டா இன்னிக்கே வீட்டுக்குப் போகலாம், மிஸ்டர் பிட்மன். மேற்பார்வையோட விட்டுடுவாங்க. இல்லைன்னா லேப் ரிப்போர்ட் வரணும். அது எப்ப வரும்னு எனக்குத் தெரியாது. ரோட்டுல நீங்களே உங்களுதுன்னு சொல்லியிருக்கீங்க."

"மண்ணு என்னுதுன்னு சொன்னேன்."

"அப்படி எழுதல அவன்."

"ஒத்துக்கிட்டா குழந்தை?"

அவர் காகிதங்களைப் புரட்டினார். "குழந்தைகள் நல ஆபீஸ்ல கேப்பாங்க. போதை கேஸ்னா தரமாட்டாங்க."

ஒத்துக்கொள்ளவில்லை. ஜாமீன் கட்ட ஆள் இல்லை. முப்பத்தெட்டு நாள். மிஸ் எர்லின் ஒரு தடவையும் வரவில்லை. பாப்பா நலம், எடை கூடியிருக்கிறாள் என்று வக்கீல் மூலம் ஒரு வரி வந்தது. கையெழுத்துக்கூட இல்லை.

முப்பத்தெட்டாவது நாள் கதவைத் திறந்து லேப் ரிப்போர்ட் தாளைக் கொடுத்தார்கள். அதை எடுத்துக்கொண்டு நேராக மிஸ் எர்லின் வீட்டுக்குப் போனேன்.

அவர் வலைக்கதவின் கொக்கியை எடுக்கவில்லை. தாளை இடுக்கு வழியாக நீட்டினேன். கண்ணாடி போட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்தார்.

"தடை செஞ்ச பொருள் எதுவும் இல்லைன்னு போட்டிருக்கு. அது என்னன்னு போடலையே."

"போதை மருந்து இருக்கான்னுதான் பாத்தாங்க, மிஸ் எர்லின். மண்ணான்னு பாக்கல."

"அப்ப ஏன் உன்னுதுன்னு சொன்ன?"

"ரெண்டு பேரையும் கூட்டிட்டுப் போயிருந்தா ஓடெசாவை யாரு எடுக்கிறது?"

"எது கேட்டாலும் ஒரு பதில் வெச்சிருக்க நீ."

தாளை மடித்து இடுக்கு வழியாகத் திருப்பித் தந்தார்.

"மண்ணு தின்னாக்க ரத்தத்துல இரும்பு நிக்காதுன்னு டாக்டர் சொன்னாரே. எவ்வளவு இடிச்சுக் குடுத்த?"

"அவ கேட்டப்பல்லாம்."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். அந்தக் கட்டிகளை யார் வாங்கிக் கொடுத்தது என்று நான் கேட்கவில்லை. சிறையில் தினமும் அதைக் கேட்டுப் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் அடுத்த கேள்வி எனக்கு வந்து நின்றது.

உள்ளே குழந்தை அழுதாள். நான் அந்தக் குரலைக் கண்ணாடிக்கு வெளியே நின்றுதான் கேட்டிருக்கிறேன். இப்போது பெரிதாக இருந்தது. மிஸ் எர்லின் உள்ளே திரும்பிப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கொக்கியை எடுத்தார்.

"பசி. நீயே பால் கலக்கு. கையைக் கழுவு முதல்ல."

கழுவினேன். முட்டிவரை கழுவு என்றார். மறுபடி கழுவினேன். ஓடெசாவைத் தோளில் போட்டுக்கொண்டு பக்கத்திலேயே நின்றார். பால் மாவு டப்பாவைத் திறந்தேன். இரண்டு கரண்டி, தட்டி மட்டம் செய்து போட்டேன். வெந்நீர் ஊற்றிக் குலுக்கினேன். அவர் கண் என் கையை விட்டு நகரவில்லை. டப்பா மூடியை நான் மூடும்வரை பார்த்தார்.

புட்டியை என் கையிலிருந்து வாங்கினார். சூடு பார்க்க மணிக்கட்டில் விடுவார் என்று நினைத்தேன். வாயில் இரண்டு சொட்டு விட்டுக்கொண்டார். விழுங்கினார். கொஞ்ச நேரம் சும்மா நின்றார். குழந்தை அலறிக்கொண்டிருந்தாள்.

பிறகு அவளை என் கையில் கொடுத்தார். புட்டியையும் கொடுத்தார்.

"தலையைத் தாங்கிப் பிடி," என்றார்.

பிடித்தேன். அவள் குடிக்க ஆரம்பித்தாள். மிஸ் எர்லின் நாற்காலியை எங்கள் எதிரே இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.