டிரிப்ஸுக்கு முன்னால் ஒரு ஜெபம்

ஓடுகிறேன், கையில் டிரிப்ஸ் பாட்டில், சாய்ந்து கிடக்கும் சவுக்கு மரங்களைத் தாண்டித் தாண்டி, முன்னால் தையல்நாயகி மகளைத் தோளில் போட்டுக்கொண்டு போகிறாள், நில்லும்மா, நில்லு, என்று கத்துகிறேன், அவள் திரும்பவில்லை, குழந்தையின் தலை மட்டும் இப்படியும் அப்படியும் ஆடுகிறது, புயல் கரை கடந்து ஆறாம் நாள், காலை பதினோரு மணி, பத்தொன்பது வருஷமாகிறது, இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறேன்.

சற்று முன்புவரை அவள் வரிசையில் நின்றிருந்தாள், பள்ளிக்கூட வராந்தாவில் எங்கள் மிஷன் முகாம், மருந்து வாங்குமுன் ஒவ்வொருவராக மண்டியிடுகிறார்கள், மிசோரத்திலிருந்து வந்த டாக்டர் லால்ரின்புயா, ஊர் வாயில் லாலு டாக்டர், அவருக்குத் தமிழ் தெரியாது, அவருடைய இங்கிலீஷைத் தமிழாக்குவது என் வேலை, தையல்நாயகியின் மகள் அபிராமிக்கு நாலு வயசு, விடியற்காலையிலிருந்து வாந்தி பேதி, டாக்டர் அவள் வயிற்றுத் தோலைக் கிள்ளிவிட்டுப் பார்க்கிறார், மடிப்பு அப்படியே நிற்கிறது, உடம்பில் தண்ணீர் வற்றிவிட்டது, முகம் மாறி என்னிடம் படபடவென்று பேசுகிறார், நான் அவளிடம் சொல்கிறேன், ரெண்டு நிமிஷம் மண்டி போட்டு ஜெபம் பண்ணும்மா, உடனே டிரிப்ஸ் ஏத்திடலாம்.

வேளாங்கண்ணி மாதாவுக்கு வருஷா வருஷம் மெழுகுவத்தி கொளுத்துறவதான் சார் நானு, ஆனா எங்க வூட்டு ஆளு கடலுக்குப் போன படகு இன்னும் வரல, ஆளு கரையேறுற வரைக்கும் நேர்ந்துக்கிட்ட சாமிய விட்டு இன்னொரு சாமிகிட்ட மண்டி போடக் கூடாது, அது எங்க வழக்கம். பின்னால் நின்ற கிழவர், அட போடு தாயி, முட்டி என்ன தேஞ்சா போவுது, என்கிறார், ஒம்ம பொண்டாட்டி புருசன் கரையில நிக்கிறாரு மாமா, நீரு போடும், என்கிறாள், வரிசை சிரிக்கிறது, அவள் சிரிக்காமல் என்னைப் பார்க்கிறாள், போடலேன்னா? நான் பதில் சொல்லவில்லை, மிஷன் விடுதியில் ஒவ்வொரு வேளையும் தட்டுக்கு முன்னால் மண்டியிட்டு வளர்ந்தவன் நான், பசிக்கும் சோற்றுக்கும் நடுவே ஒரு ஜெபம் இருப்பதுதான் ஒழுங்கு என்று நம்பினேன், விலை என்று தோன்றவே இல்லை, பதில் வராததையே பதிலாக எடுத்துக்கொண்டு அவள் நடந்துவிட்டாள், ஏன் போகிறாள் என்று கேட்டார் டாக்டர், நம்ம மருந்தில் நம்பிக்கை இல்லையாம் என்றேன், பாட்டிலை என் கையில் திணித்து, ஓடு, என்றார்.

ரோட்டில் டிராக்டர் ஒன்று உறுமிக்கொண்டு நிற்கிறது, ஏறிவிட்டாள், பெரியாஸ்பத்திரி இருபத்திரண்டு கிலோமீட்டர், மூச்சு வாங்க நான், மண்டி போட வேணாம்மா, எறங்கு, என்கிறேன், ஏன், டாக்டரு மனசு மாறிட்டாராக்கும், என்கிறாள், அந்த ஒரு நொடி எனக்குக் கிடைத்தது, நான் பேசிச் சம்மதிக்க வெச்சிருக்கேன், என்றேன், பேரம் பேசி வாங்குன மருந்து எம்புள்ளைக்கு வேணாம் சார். டிராக்டர் நகர்ந்தது.

குழந்தை வழியிலேயே போய்விட்டது.

மூன்றாம் நாள் மீனவப் பஞ்சாயத்தார் வந்தார்கள், புள்ள உசுருக்கு வெல பேசுன ஆளு இந்த மண்ணுல நிக்கக் கூடாது, ஒங்க டாக்டர கெளம்பச் சொல்லு, என்றார்கள் என்னிடம், டாக்டர் என் முகத்தைப் பார்த்தார், அரசு டாக்டர்கள் வந்துவிட்டார்களாம், உங்களுக்கு நன்றி சொல்கிறார்கள், என்றேன், அவர் கை கூப்பிப் புன்னகைத்தார், ஒருவர் காறித் துப்பினார், என்னை யாரும் ஒன்றும் சொல்லவில்லை, நான் வெறும் வாய்.

இப்போதும் ஓடுகிறேன், கனவில் மரங்கள் இல்லை, ரோடு சுத்தமாக இருக்கிறது, டிராக்டர் நிற்கிறது, டாக்டரு மனசு மாறிட்டாராக்கும், என்று அவள் கேட்கிறாள், அன்றைக்கு வராந்தாவில் டாக்டர் இங்கிலீஷில் சொன்னதை, ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல், அவளுக்குத் தமிழில் சொல்கிறேன், இவர்களெல்லாம் ஏன் மண்டியிடுகிறார்கள், யாரும் ஜெபம் பண்ண வேண்டியதில்லை என்று சொல், முதலில் குழந்தையை என்னிடம் கொடுக்கச் சொல்.