சோளகத்தின் சொந்தக்காரர்

காற்றுக்குச் சொந்தக்காரன் என்று ஒருவன் இந்தப் பூமியில் இதுவரை பிறக்கவில்லை; இனிப் பிறக்கப்போவதுமில்லை. இந்த உண்மையை உலகுக்கு அறிவித்தவர் குருநகர் இறங்குதுறையில் மீனுக்கு விலை கூறி ஏலம் விடும் ஜெயசுதன். அறிவித்த இடம் அவருடைய வீட்டுக் குசினி. கேட்டுக்கொண்டிருந்த உலகம், இறால் வறுத்துக்கொண்டிருந்த அவருடைய மனைவி மேர்சி.

மேர்சியின் இறால் சம்பல் இணையத்தில் விற்பனைக்கு வரவிருந்தது. அதற்கு ஜெயசுதன் தெரிவுசெய்த பெயர் 'சோளகம்'. ஆண்டின் நடுவில் தென்மேற்கிலிருந்து அடிக்கும் அந்தக் காற்றின் பெயரைக் கரையோரத்தில் பால்குடிக் குழந்தையும் அறியும். இணையத்தளம் செய்து கொடுக்கும் அரியாலை யதுசனும் கணினியைப் பார்த்து, "அண்ணை, சோளகம் டொட் கொம் சும்மா கிடக்கு. இண்டைக்கே எடுங்கோ" என்று சொல்லிவிட்டான்.

"எங்கடை தெரு மதுரா சட்டத்தரணிதானே," என்றாள் மேர்சி. "உந்தப் பேரை ஆரும் பதிஞ்சு வைச்சிருக்கினமோ எண்டு அவளை ஒருக்காக் கேப்பமே?"

"சம்பலுக்குப் பேர் வைக்க அப்புக்காத்தோ? உன்னைப் பொம்பிளை பாக்க வரேக்கை நான் அப்புக்காத்தைக் கூட்டிக்கொண்டு வந்தனானோ?"

"கூட்டிக்கொண்டு வந்திருந்தா நான் தப்பியிருப்பன்."

மறுநாள் இறங்குதுறையில், ஒரு குவியல் பாரை மீனுக்கும் அடுத்த குவியல் விளை மீனுக்கும் இடையில் ஜெயசுதன் இந்தச் செய்தியையும் கூறினார். "கேட்டியளோ, காத்துக்குப் பெர்மிற் எடுக்கட்டாம் என்ரை மனிசி!" துறை முழுக்கச் சிரித்தது. நண்டுக்காரர் கனிசியஸ், "அப்ப வாடைக்காத்து ஆரின்ரை பேரிலை கிடக்காம், சுதன்?" என்று கேட்டு இன்னும் கொஞ்சம் சிரிக்க வைத்தார்.

கடை திறந்தது. லண்டனிலிருந்தும் ரொறன்ரோவிலிருந்தும் ஓடர்கள் வந்தன. மேர்சி தான் பார்த்துவந்த துணிக்கடை வேலையை விட்டாள். நத்தார்ப் பண்டிகைக்கென்று பெயர் அச்சடித்த பைகள் பெரிய கட்டுகளாக வந்து, பாதியில் சம்பலும் நிரப்பி, சாமியறை வரை அடுக்கப்பட்டன.

அந்த நேரத்தில்தான் கொழும்பிலிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. அங்கே ஒரு நிறுவனம் பல காலமாகச் 'சோளகம்' என்ற பெயரில் ரின்மீனும் கருவாடும் விற்று வருகிறதாம். பதப்படுத்திய கடலுணவுக்கு அந்தப் பெயர் அவர்களுடைய வியாபாரக் குறியாகப் பதியப்பட்டிருக்கிறதாம். விற்பனையை நிறுத்தி இணையப் பெயரை ஒப்படைக்கும்படி அவர்களின் சட்டத்தரணி எழுதியிருந்தார்.

வேறு எவனும் இதைப் படித்திருந்தால் பயந்திருப்பான். ஜெயசுதன் ஏலம் கூறுகிறவர். ஒரு குவியலைப் பார்த்து ஒருவன் வாய் திறந்தால், அவனுக்கு அது வேண்டும் என்றுதான் அவருடைய தொழில் அவருக்குக் கற்றுக் கொடுத்திருந்தது. திட்டுகிறவன்தான் கடைசியில் வாங்குகிறவன். ஆகவே அவர் மேர்சியிடம் மூச்சும் விடாமல், 'பெயர் விற்பனைக்கு உண்டு' என்று பதில் எழுதி, இறங்கி வர இடம் வைத்து ஒரு பெரிய விலையையும் போட்டார். பிறகு எதிர்விலைக்குக் காத்திருந்தார்.

எதிர்விலை வரவில்லை. ஒரு காலையில் இணையத்தளம் வெறுமையாகிவிட்டது. முகநூல் பக்கமும் போய்விட்டது. முறைப்பாடு வந்ததால் நிறுத்திவிட்டார்கள் என்று யதுசன் தொலைபேசியில் சொன்னான். அவனுடைய குரல் மிகத் தொலைவிலிருந்து வந்தது. அவன் பக்கத்திலுள்ள அரியாலையில்தான் இருந்தான்.

வீட்டில் கதவைத் திறந்தாலும் சோளகம், கட்டிலுக்குக் கீழே குனிந்தாலும் சோளகம். அந்தப் பையில் போட்டு விற்றால் வழக்கு. பையை மாற்றினாலும் யாருக்கு விற்பது? வாடிக்கையாளர்களுக்குத் தெரிந்த ஒரே வாசல் பூட்டிக் கிடந்தது. எதிர்த்து வாதாடக் கொழும்பு நீதிமன்றத்துக்கு நடையாய் நடக்க வேண்டும். விட்டுக் கொடுத்தால் கடையே இல்லை. மேர்சி பைக்கட்டுகளின் நடுவே, எழும்பிப் போக வழி இல்லாதவள் போல இருந்தாள். துணிக்கடையில் அவளுடைய இடத்துக்கு வேறு ஆள் வந்துவிட்டார்.

"எழும்புங்கோ, மதுராவிட்டைப் போவம்," என்றாள் கடைசியில். அவர் எழும்பினார். அப்புக்காத்து என்ற சொல்லை அன்று அவர் உச்சரிக்கவில்லை.

மதுரா எல்லாவற்றையும் படித்துவிட்டு ஒரு தாளை மட்டும் வெளியே எடுத்து வைத்தாள். "அண்ணை, இந்த விலையை ஆர் எழுதினது?"

"என்னத்தை எழுதினீங்கள்?" என்றாள் மேர்சி.

"அது... தொடக்க விலைதானே."

"அவையின்ரை முதல் ஆதாரமே இதுதான்," என்றாள் மதுரா. "தங்கடை பேரைப் பிடிச்சு வைச்சுக்கொண்டு தங்களுக்கே விக்கப் பாத்தியள் எண்டு சொல்லுகினம்."

"காத்துக்குச் சொந்தக்காரன் இல்லைத்தானே, தங்கச்சி?"

"காத்துக்கு இல்லை. நீங்கள் சோளகம் எண்டு குடை வித்திருந்தா கதை வேறை மாதிரிப் போயிருக்கலாம். அவை விக்கிறதும் கடல் சாமான், நீங்கள் விக்கிறதும் கடல் சாமான்."

"அது ஊர்ச்சொல் பிள்ளை! என்ரை அப்பரும் சொன்ன சொல்!"

மேர்சி குறுக்கே வந்தாள். "கனிசியஸ் அண்ணை நண்டு வலை மிதப்பிலை என்ன கட்டுறவர்?"

"சிவப்புத் துணி."

"சிவப்புத் துணி எந்தக் கடையிலையும் வாங்கலாம்தானே? நீங்களும் அதே துணியைக் கட்டி, அவர் வலை விடுற இடத்திலை வலை விடுவியளோ?"

"கையை முறிச்சுப் போடுவான்."

"அப்ப?"

ஜெயசுதன் தான் விலை எழுதிய தாளை எடுத்துக் கவிழ்த்து வைத்தார். துறையில் இப்படி ஒரு காட்சியை எவரும் கண்டதில்லை.

மதுரா மெதுவாகச் சொன்னாள்: "இணையத்திலை ஒரு பேர் வெறுமையாக் கிடந்தா, அதை எடுக்கலாம் எண்டு மட்டுந்தான் அர்த்தம். அதை வைச்சு யாவாரம் செய்யலாம் எண்டு அர்த்தமில்லை. எல்லாரும் கதைக்கிற சொல்லெண்டாலும், அந்த யாவாரத்துக்கு அதை முதலே பதிஞ்சவைக்கு உரிமை இருக்கு. பேரை வைச்சுப்போட்டு அழுறதிலும் பாக்க, வைக்க முன்னம் தேடிப் பாக்கிறது லேசு."

பெயரைச் சும்மா ஒப்படைப்பதென்றும், பைகளை அழிப்பதென்றும் முடிவாயிற்று. நிறுவனம் அத்தோடு விட்டது. நத்தார் போய்விட்டது. ஜெயசுதன் தானே கத்தரிக்கோல் எடுத்துப் பை பையாக வெட்டி, சம்பலை வாளிகளில் கொட்டினார். மேர்சி அதைத் தெருவில் தெரிந்தவர்களுக்குப் பாதி விலைக்குக் கொடுத்தாள். வாங்கியவர்கள் நன்றி சொன்னபோது மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

சில கிழமைகளின் பின் மதுராவின் விறாந்தையில் காணி வழக்குக்காரர்களுக்கு நடுவே ஜெயசுதன் வரிசையில் அமர்ந்திருந்தார். கடலுக்குக் கேட்கக் கத்தும் அந்தக் குரல், முறை வந்தபோது பக்கத்துக் கதிரைக்குக் கூடக் கேட்கவில்லை.

"தங்கச்சி, இந்தமுறை அவள் தன்ரை பேரையே வைக்கப் போறாளாம்."

"நல்லதுதானே, அண்ணை."

ஜெயசுதன் பின்னால் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுக் கிட்டக் குனிந்தார்.

"'மேர்சி' எண்ட பேருக்கு ஆரும் சொந்தக்காரர் இருக்கினமோ எண்டு ஒருக்காப் பாத்துச் சொல்லுவியளோ?"