மேலே ஏறிய எண்கள்

ரொட்டிக்கடையில் அவளுக்கு டிங்கக்கா என்று பெயர். கழுத்தில் கயிறு கட்டி ஒரு டைமர் தொங்கும். மாவு பொங்க ஒரு தடவை, அடுப்பில் தட்டு போனால் ஒரு தடவை என்று நாள் முழுக்க அமுக்கிக்கொண்டே இருப்பாள். வீட்டிலும் விடமாட்டாள், முட்டைக்கு, ஊறவைத்த துணிக்கு, மத்தியானக் கோழித் தூக்கத்துக்குக்கூட டைமர்தான்.

தங்கைக்குத் துணையாகப் பிரசவ அறையில் நின்றபோதும் அது கழுத்தில் கிடந்தது.

“அக்கா, அதக் கழட்டேன். என்னப் பாத்தா வேகற ரொட்டி மாதிரி இருக்கா?”

“இதுல அஞ்சு நிமிஷம் வச்சு, மணி அடிக்கறதுக்குள்ள அடுத்த வலி வருதான்னு பாத்துதானேடி உன்னக் கெளப்பிட்டு வந்தேன். பேசாம மூச்ச விடு.”

பிள்ளை பிறந்தது. அழவில்லை. நர்ஸ் போகிற போக்கில் சுவர்க் கடிகாரத்தின் பொத்தானைத் தட்டிவிட்டு, பிள்ளையைச் சூடு தரும் விளக்கின் கீழ் கிடத்தினாள். சிவப்பு எண்கள் ஓடத் தொடங்கின. டாக்டரம்மா துணியால் முதுகைத் தேய்த்தார். பிறகு சின்ன முகமூடியை வைத்துக் காற்றை அமுக்கினார்.

“ஏன்க்கா சத்தமே காணோம்?”

“பாத்துக்கிட்டுதான் இருக்காங்க” என்றாள்.

அப்போது கடிகாரம் ‘டிங்’ என்றது. அவ்வளவுதான், அவள் கால் தானாக நடந்தது. விளக்கடியிலிருந்து, பிள்ளை கிடந்த தட்டை இழுக்கக் கை நீண்டது.

“ஒதுங்குங்கம்மா. என்ன பண்றீங்க?” என்றாள் நர்ஸ்.

“எடுக்கணும்... மணி அடிச்சிடுச்சே.”

“எடுக்கறதுக்கு அடிக்கல. பிள்ள எப்படி இருக்குன்னு பாக்கச் சொல்லி அடிக்குது.”

அவள் நிமிர்ந்து பார்த்தாள். வாழ்நாள் முழுக்க அவள் பார்த்த எண்களெல்லாம் இறங்கித் தேய்ந்து பூச்சியத்தில் போய் விழுந்தவை. இவை ஏறிக்கொண்டிருந்தன. இந்த உலகத்துக்கு வந்து அந்தப் பிள்ளைக்கு இவ்வளவு நேரம் ஆகிவிட்டது. இதோ, இன்னும் கொஞ்சம். மூச்சு வராத பிள்ளைக்கும் வயது ஏறுமா? ஏறியது.

பூனைக்குட்டி போல ஒரு முனகல். பிறகு அறையே அதிரும்படி ஓர் அழுகை.

“வந்துட்டான்” என்றார் டாக்டரம்மா.

நர்ஸ் பொத்தானை நோக்கிக் கையைத் தூக்கினாள்.

“நிறுத்தாதீங்க சிஸ்டர். ஓடட்டும்” என்றாள் டிங்கக்கா.

“எவ்வளவு நேரம்?”

எந்தத் தட்டுக்கும் கண்ணை மூடிக்கொண்டு நேரம் சொல்பவள் ஏறும் எண்களையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“பிள்ளைய அக்கா கையில குடுங்க சிஸ்டர்” என்றாள் தங்கை, அழுதுகொண்டே சிரித்து. “இல்லேன்னா அவன் பள்ளிக்கூடம் போறவரைக்கும் அங்கயேதான் நிப்பா.”