ஒரே மூச்சில் பாடுகிறவள்

மாஸ்டர் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றதும் எனக்கு முதலில் எரிச்சல்தான் வந்தது. இத்தனை வருடங்களில் ஒரு நாள்கூட இந்த மாடிப்படி ஏறாத மனிதர். நான் எழுதிய பாட்டுகளில் பாதிக்கு மேல் இசையமைத்தவர் அவர்தான். ஆனாலும் எங்களுக்குள் எல்லாம் போனோடு சரி. அதிலும் நான் 'ம்', 'சரி' என்று அளந்துதான் பேசுவேன். அவர்மேல் எனக்கு ஒரு தீராத கோபம் இருந்தது.

வந்தவர் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. முகம் வெளிறிப் போயிருந்தது.

"எந்த ஆஸ்பத்திரில காட்டுறீங்க?" என்றார்.

"யாருக்கு?"

"உங்களுக்குத்தாம்மா. காலையில நீங்க அனுப்பின பாட்டைக் கேட்டேன், வரிக்கு வரி மூச்சு இழுக்குது. கேட்டதுலேர்ந்து எனக்குக் கை கால் ஓடல. போன் பண்ணிக் கேக்கவும் பயமா இருந்தது, நேரா வந்துட்டேன்."

சோபாவில் என் கணவர் ஒரு கண்ணுக்கு மேல் பிளாஸ்டிக் மூடி ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கண்புரை ஆபரேஷன் ஆகியிருந்தது. குனியக் கூடாது, கம்ப்யூட்டர் பார்க்கக் கூடாது, கண்ணில் கை வைக்கக் கூடாது என்று ஏகப்பட்ட 'கூடாது'. அதனால்தான் அன்று காலை புதுப் பாட்டை நானே போனில் பாடிப் பதிந்து, நானே மாஸ்டருக்கு அனுப்பினேன். வழக்கமாக அந்த வேலையெல்லாம் என் கணவருடையது.

எனக்கு ஸ்வரம் எழுதத் தெரியாது. வரிகளை எழுதி, எனக்குத் தோன்றிய மெட்டில் நானே பாடிப் பதிவேன். இவர் அதை ஸ்டூடியோவுக்குக் கொண்டுபோவார். ஒலிப்பதிவுதான் இவர் தொழில். டேப்பை பிளேடால் வெட்டி ஒட்டிய காலத்திலேயே, வெட்டிய இடம் எது என்று யாராலும் கண்டுபிடிக்க முடியாது. அதனால் ஸ்டூடியோவில் எல்லோருக்கும் இவர் 'கத்தரி'தான்.

நான் ஸ்டூடியோ பக்கமே போவதில்லை. சிறு வயதிலிருந்து எனக்கு ஆஸ்துமா. அந்தக் கார்ப்பெட் தூசியும் குளிரும் சேர்ந்தால் கால் மணி நேரத்தில் என்னைத் தூக்கிக்கொண்டுதான் வர வேண்டும். சாய்ந்து உட்கார்ந்தபடிதான் தூக்கம். மாத்திரைகள் முகத்தை உப்பவைத்துவிட்டன. கைப்பையில் சாவி இருக்கிறதோ இல்லையோ, இன்ஹேலர் இருக்கும். என் சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் இது பழங்கதை.

"மாஸ்டர், உக்காருங்க. எனக்கு ஒண்ணும் புதுசா இல்ல. இது ஆஸ்துமா. நான் பாட்டு எழுத ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே இருக்கு."

அவர் என்னைப் பேயைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

"விளையாடாதீங்க."

"இழுப்பை வெச்சு யாராவது விளையாடுவாங்களா?"

"ஒரே மூச்சுல பாடுறவங்கம்மா நீங்க! நாலு வரி, அஞ்சு வரி, நடுவுல ஒரு இழுப்பு இல்லாம பாடுவீங்க. மூச்சு முட்டுதுன்னு என்கிட்ட சிணுங்குற பாடகர்களுக்கெல்லாம் உங்க குரலைத்தானே போட்டுக் காட்டித் திட்டுவேன். 'இந்த அம்மா பாட்டு எழுதுறவங்க, அவங்களே பாடுறாங்க, உனக்கென்ன கேடு'ன்னு."

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. என் பாட்டுகளில் மூச்சுவிட இடமில்லை என்று ஊரே சொல்லும். அதற்காகவே மேடையேற்றி மாலைகூடப் போட்டிருக்கிறார்கள். அது முழுக்க இந்த மனிதர் செய்கிற அவசரம் என்றுதான் நான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன். நான் ஆற அமர, நின்று நின்று பாடி அனுப்புவேன். ரேடியோவில் வரும்போது அது ரயிலைப் பிடிக்க ஓடும்.

"மாஸ்டர், வேகமெல்லாம் உங்களோடது. பழியை என் தலையில போடாதீங்க."

"நீங்க பாடி அனுப்பின வேகத்தை நான் ஒரு நாளும் மாத்தினதில்லை. மெட்டுதான் என்னோடது. எங்க நிறுத்தணும், எங்க ஓடணுங்கிறதெல்லாம் நீங்க பாடினதுல இருக்கிறபடியேதான் வெச்சிருக்கேன். அதைத் தொடக் கூடாதுன்னு எனக்கு ஒரு வைராக்கியம்."

சிரிப்பு நின்றுவிட்டது. எங்கள் இருவரில் ஒருவர் பொய் சொல்கிறோம் என்று தோன்றியது. அது நான் இல்லை.

அவர் தம் போனை எடுத்துத் தடவினார். பழைய டேப்புகளையெல்லாம் அதில் ஏற்றி வைத்திருந்தாராம். "இந்தாங்க, நீங்களே கேளுங்க," என்று ஒன்றைப் போட்டார். அத்தனையிலும் அவர் விரல் போய் அந்தப் பாட்டில்தான் விழ வேண்டுமா?

அது என் அக்காவின் பாட்டு.

சின்ன வயதில் எனக்கு இழுப்பு வந்தால் வீடே அலறும். நான் ஏதாவது சொல்ல வாயெடுத்தால், பாதி வார்த்தைக்குள் அம்மா மீதியைச் சொல்லி முடித்துவிடுவாள். அப்பா அதற்குப் பதிலும் சொல்லிவிடுவார். அக்கா மட்டும் என் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு சின்னக் கேள்வி கேட்பாள். கேட்டுவிட்டு, எனக்கு மூச்சு வந்து நான் பதில் சொல்லும்வரை பேசாமல் இருப்பாள். எவ்வளவு நேரமானாலும் அவசரப்படுத்த மாட்டாள். நோய்நொடி என்று ஒரு நாள் படுத்தறியாதவள். ஒரு காலையில் சாலையைக் கடக்கும்போது போய்விட்டாள்.

அவளிடம் கேட்பதாகத்தான் அந்தப் பாட்டை எழுதினேன்.

'கொடியில துணி காயுது, எடுக்க வர்றியா?
அடுப்புல பால் பொங்குது, பார்க்க வர்றியா?
கதவைச் சாத்தவே இல்ல, உள்ள வர்றியா?'

ஒவ்வொரு 'வர்றியா'வுக்குப் பிறகும் நிறுத்தினேன். இப்போது காத்திருப்பது என் முறை. அவள் பதில் சொல்லும் அளவுக்கு நேரம் விட்டு, அதற்குப் பிறகுதான் அடுத்த வரிக்குப் போனேன்.

வெளியே வந்தபோது அது ஆட்டப்பாட்டு. அடிமேல் அடி, இடைவெளியே கிடையாது. வர்றியா வர்றியா வர்றியா. கல்யாண வீடுகளில் அதைப் போட்டதும் கிழவர்கள்கூட எழுந்து இடுப்பை ஆட்டுவார்கள். என் தங்கை மகள் கல்யாணத்தில் போட்டபோது நான் கை கழுவப் போவதாகச் சொல்லி வெளியே போய் நின்றேன். மாஸ்டர்மேல் எனக்கிருந்த தீராத கோபம் அதுதான். என் அக்காவின் சாவுக்கு மேளம் கொட்டிவிட்டார் என்று மனதுக்குள் அவரை நான் திட்டாத திட்டில்லை.

போனில் என் இளவயதுக் குரல் பாடியது. தாளம் இல்லை, வாத்தியம் இல்லை, நான் மட்டும். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஒரு வரி முடிந்த இடத்திலேயே அடுத்த வரி முளைத்தது. நிறுத்தம் இல்லை. இழுப்பு இல்லை. மூச்சை உள்ளே இழுக்கும் சத்தம்கூட இல்லை. அந்தக் குரலுக்கு நுரையீரலே கிடையாது.

"இது நான் பாடினது இல்லை," என்றேன். "குரல் என்னோடது. பாடினது நான் இல்லை."

மாஸ்டர் பாட்டை நிறுத்தினார். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சோபாவைத் திரும்பிப் பார்த்தோம்.

என் கணவர் ஒற்றைக் கண்ணால் எங்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். பாராட்டுக்குக் காத்திருக்கிற சிரிப்பு.

"அதெல்லாம் நான் க்ளீன் பண்ணினது," என்றார்.

"எதை?"

"உன் இழுப்பை. முத முதல்ல உன் டேப்பை ஒருத்தர்கிட்ட போட்டுக் காட்டினேன். பாதியில நிறுத்தி, 'முதல்ல டாக்டரைப் பாருங்க, அப்புறம் பாட்டு எழுதலாம்'னுட்டாரு. உன்கிட்ட எப்படிச் சொல்றது? அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன். உன் மூச்சு ஒண்ணுகூட இந்த வீட்டை விட்டு வெளிய போகக் கூடாதுன்னு."

"எல்லாப் பாட்டுலயும்?"

"எல்லாத்துலயும்தான். ஒண்ணு விடல. மூச்சை எடுத்தா அந்த இடம் ஓட்டையா நிக்கும், அசிங்கமா இருக்கும். அதனால ரெண்டு பக்கத்தையும் சேர்த்து ஒட்டிடுவேன். யாராவது கண்டுபிடிச்சாங்களா, கேளு."

மாஸ்டர் தலையில் கை வைத்துக்கொண்டு அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "டேய் கத்தரி," என்றார். பாவம், நான் பாடியபடியே வைத்ததாக அவருக்கு ஒரு பெருமை. அது நான் பாடியதே இல்லை. நானும் அவரும் சேர்ந்து பேர் வாங்கியது ஒரு பிளேடின் வேகத்துக்கு.

ஆனால் நான் கணவரிடம் கேட்க நினைத்தது வேறு.

"இந்தப் பாட்டுல, வர்றியான்னு கேட்டுட்டு நிறுத்தியிருந்தேனே. அங்க இழுப்பு இருந்ததா?"

அவர் யோசித்தார். தாம் வெட்டிய எதையும் மறக்காத மனிதர். சிரிப்பு மெல்லக் குறைந்தது.

"இல்ல," என்றார். "அங்க சத்தமே இல்ல. உனக்கு மூச்சு அடைச்சுப் போய் நிறுத்தியிருக்கேன்னு நினைச்சேன். ரொம்ப நேரம் நிறுத்தியிருந்தே. எனக்குப் பயமாக்கூட இருந்தது."

"அன்னைக்கு எனக்கு மூச்சு நல்லாத்தான் இருந்தது. அக்காவுக்காக நிறுத்தினேன். அவ பதில் சொல்றதுக்கு."

அவர் முகம் மாறியதை நான் வாழ்நாளில் மறக்க மாட்டேன். என் நெஞ்சில் எழுகிற ஒவ்வொரு சத்தத்துக்கும் அர்த்தம் தெரிந்தவர். பக்கத்து அறையிலிருந்தே எந்த மாத்திரை வேண்டும் என்று சொல்லிவிடுவார். அவருக்கு இது தெரியவில்லை. மூடியில்லாத கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. கை தானாக மேலே போய், டாக்டர் சொன்னது நினைவுக்கு வந்து பாதியில் நின்றது.

"வெட்டின துண்டையெல்லாம் என்ன பண்ணீங்க?" என்று கேட்டேன்.

"எந்தத் துண்டு?"

"அந்த டேப்புத் துண்டு. நான் அவளுக்காகக் காத்திட்டிருந்தது."

"மேஜைக்குக் கீழ ஒரு கூடை இருக்கும்," என்றார். "சாயங்காலம் பெருக்குறவங்க கொட்டிடுவாங்க."

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். பெரிதாக, அவர் மேல் விழுந்து பிடுங்குகிற மாதிரி எதையோ. முதல் வார்த்தை வெளியே வருவதற்குள் நெஞ்சு இறுகிவிட்டது. காலையில் பாடிய களைப்போ, கோபமோ, விசில் சத்தம் எழும்பியது. மாஸ்டர் பதறிப்போய் எழுந்தார். இத்தனை பாட்டுக்குப் பிறகு அவர் முதல் முறையாக அதை நேரில் கேட்கிறார்.

என் கணவர் அதற்குள் பக்கத்தில் வந்துவிட்டார். ஒற்றைக் கண்ணோடு, எதிலும் இடிக்காமல். இன்ஹேலரைக் குலுக்கி என் வாயில் வைத்து, "இழு, பிடிச்சுக்கோ, விடு," என்று எப்போதும் போலச் சரியான நேரத்துக்கு எண்ணினார். அவருடைய இன்னொரு கை என் முதுகை மேலும் கீழும் நீவியது.

அந்தக் கையைத் தட்டிவிட வேண்டும் என்றிருந்தது. அதற்கு மூச்சு போதவில்லை.