அப்பா போட்ட பிரேக்

முப்பத்தோரு வருடம் பஸ் ஓட்டிய மனிதர் படுத்த படுக்கையாகிவிட்டால் மட்டும் காலைச் சும்மா வைத்திருப்பாரா? வலது கால் வெடுக்கென்று துள்ளியபோது, "அப்பா பிரேக் போடுறாரு" என்றான் தம்பி. மூத்த மகளும் சிரித்துவிட்டாள். புற்றுநோய் எலும்புவரை இறங்கிவிட்ட வீட்டில் சிரிக்க வேறு என்ன கிடைக்கிறது?

அடுத்த நாள் கைகளும் துள்ளின. அப்பா கூரையைப் பார்த்து, "படியில நிக்காதீங்க, உள்ள போங்க" என்று அதட்டினார். அதற்கும் சிரித்தார்கள். மாலையில் போர்வையை இழுத்துவிட்டபோது அவர் போட்ட அலறலில்தான் மூத்தவளின் சிரிப்பு நின்றது. போர்வை பட்டால் யாருக்காவது வலிக்குமா?

வலி தாங்காவிட்டால் கூடுதலாக ஒரு வேளை மார்ஃபின் வலி மருந்து கொடுக்கலாம் என்று வீட்டுக்கு வந்து பார்க்கும் நர்ஸ் எழுதிவைத்திருந்தார். கொடுத்தாள். மறுபடி அலறல், மறுபடி மருந்து. மூன்றாம் தடவை அப்பா அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"வேண்டாம்மா. அதை ஊத்துனா இன்னும் வலிக்குது."

இல்லாத பயணிகளை அதட்டுகிறவர் பேச்சை யார் காதில் போட்டுக்கொள்வது? கன்னத்தை அழுத்தி ஊற்றிவிட்டாள்.

காலையில் வந்த நர்ஸ், துள்ளும் காலைப் பார்த்ததும் பையைக்கூடக் கீழே வைக்கவில்லை. "இது எத்தனை நாளா?"

"மூணு நாளா. பிரேக் போடுறாருன்னு..." தம்பி பாதியில் நிறுத்திக்கொண்டான்.

"சிறுநீர் சரியாப் போகுதா?"

"ரொம்பக் கம்மி" என்றாள் மூத்தவள்.

நர்ஸ் டாக்டரிடம் போனில் பேசிவிட்டு வந்தார். "சிறுநீர் சரியாப் போகாததால மருந்து வெளியேறாம உடம்புலயே தேங்கிடுச்சு. அப்படி ஆனா கை கால் துள்ளும், வலி மருந்தே வலியைக் கூட்டும். இதை நிறுத்திட்டு வேற மருந்து, குறைஞ்ச அளவுல. அவரு எதுவும் சொன்னாராம்மா?"

பெற்ற தகப்பனைத் தன் கையாலேயே வதைத்திருக்கிறாள். "சொன்னாரு" என்றாள் மூத்தவள்.

இரண்டு நாளில் துள்ளல் அடங்கியது. கூரையிலிருந்த பயணிகளும் இறங்கிப் போய்விட்டார்கள். அப்பா அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். உயிர் வந்ததுபோல் புது மருந்தை எடுத்துக்கொண்டு ஓடினாள். அவர் வாயை இறுக மூடிக்கொண்டார். புத்தி தெளிந்த பார்வைதான். அதில் பயம் இருந்தது, அவளைப் பார்த்து.

"இது வேற மருந்துப்பா. நீங்க வேணாம்னா கொடுக்க மாட்டேன்."

வெகுநேரம் கழித்து மருந்துக்கு வாயைத் திறந்தார். கண்ணை மட்டும் அவள் கையிலிருந்து எடுக்கவில்லை.