எனக்கு மட்டும் கூடுதல் துண்டு

கிளாரா என் ஓரகத்தி. கொழுந்தன் ஜெரோமின் மனைவி. என்னைவிட நான்கு வயது இளையவள், ஆனால் முட்டிவலி மட்டும் இரண்டு பேருக்கும் ஒரே வருஷத்தில் வந்தது. வலியில்கூட எனக்கென்று தனியாக ஒன்று இருக்கக் கூடாதா என்று அப்போதே எனக்கு எரிச்சல்.

அவளுக்குப் பிள்ளை இல்லை. அதனால் என் மகள் ஐரினைத் தன் மகளாகவே வளர்த்தாள் என்று சொந்தம் பூராவும் மெச்சும். பெற்றவள் நான். சோறு ஊட்டியது, சடை பின்னியது, பரீட்சை நாளில் பள்ளிக்கூட வாசலில் போய் நின்றது எல்லாம் அவள். நான் டீச்சர் வேலைக்குப் போனேன், வேறென்ன செய்ய? காய்ச்சலில் படுத்தால்கூட ஐரின் வாயில் 'சித்தி'தான் வரும். வயிறு எரியுமா எரியாதா?

ஐரின் இப்போது கோயம்புத்தூரில் இருக்கிறாள். தலைப்பிரசவம். பார்க்கிற டாக்டர் அங்கே என்பதால் திண்டுக்கல்லுக்கு வர மாட்டாளாம். துணைக்கு இங்கிருந்து ஆள் போக வேண்டும். ஒருநாள் போன் போட்டாள்.

"எம்மா, மூணாவது மாடி. லிஃப்ட் கெடையாது. ஒன் முட்டிய வச்சுக்கிட்டு எப்பிடி ஏறுவ? முடியலேன்னா சொல்லிரு, சித்தியக் கூப்பிட்டுக்கிறேன்."

"ஒஞ் சித்திக்கும் முட்டிவலிதான்டி!"

"அப்ப யாருக்கு மொதல்ல சரியாகுதோ அவுங்க வாங்க."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். அவளுக்குச் சிரிப்பு, எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. என் முதல் பேரப்பிள்ளையை நான்தான் கையில் வாங்க வேண்டும். கிளாரா வாங்கக் கூடாது.

மறுநாளே நாகல் நகரில் நர்கீஸ் என்ற பெண் நடத்தும் பிசியோதெரபி நிலையத்துக்குக் கிளம்பினேன். வாசலில் நின்ற ஆட்டோவில் ஏறினால், உள்ளே கிளாரா உட்கார்ந்திருக்கிறாள்! எல்லாம் என் வீட்டுக்காரர் ராயப்பராஜின் ஏற்பாடு. "ஒரே ஆட்டோல ரெண்டு பேரும் போயிட்டு வாங்களேன்," என்றார் மகராசன்.

நர்கீஸுக்கு முப்பது வயது இருக்கும். அங்கே ஒரு சில்வர் தொட்டியில் கொதிக்கக் கொதிக்க வெந்நீர், அதில் களிமண் அடைத்த துணிப்பைகள் கிடந்தன. ஹாட் பேக் என்றாள். இடுக்கியால் எடுத்து, துண்டில் சுற்றி, முட்டிமேல் இருபது நிமிஷம் வைப்பாளாம். அந்த ஈரச்சூட்டில் இறுக்கம் தளர்ந்ததும் காலை மடக்கி நீட்டப் பயிற்சி.

"சக்கரை இருக்காம்மா?" என்று கேட்டாள்.

எனக்கு ஆறு வருஷமாகச் சர்க்கரை. ராயப்பராஜைத் தவிர யாருக்கும் சொன்னதில்லை. பக்கத்துக் கட்டிலில் கிளாரா காதைத் தீட்டிக்கொண்டு படுத்திருக்கிறாள். சீக்காளியைப் பிரசவத்துக்கு எப்படி அனுப்புவது என்று ஐரினிடம் ஒரு வார்த்தை போட்டுவிட்டால் போதுமே!

"எனக்கா? அதெல்லாம் ஒண்ணுங் கெடையாது," என்றேன்.

அடுத்து, கண்ணை மூடச் சொல்லிவிட்டு வெந்நீர்க் குப்பி ஒன்றும் பச்சைத்தண்ணீர்க் குப்பி ஒன்றும் மாற்றி மாற்றி முட்டியில் வைத்து, எது சூடு எது குளிர் என்று கேட்டாள். எனக்கு எல்லாம் ஒன்றுபோலத்தான் இருந்தது. முதல் இரண்டையும் தப்பாகச் சொன்னேன். பிறகு ஓரக்கண்ணால் பார்த்துச் சரியாகச் சொன்னேன். முப்பது வருஷம் பரீட்சை ஹாலில் பிட் அடித்த பிள்ளைகளைப் பிடித்தவளுக்கு அந்த வித்தை தெரியாதா?

நர்கீஸ் என்னைச் செத்த நேரம் பார்த்தாள். "எதுக்கும் ஒங்களுக்கு ஒரு துண்டு கூடவே வச்சுக்குவோம்மா," என்றாள்.

கிளாராவுக்கு அந்தக் கூடுதல் துண்டு இல்லை. அன்றைக்கு அதைப் பெரிதாக நினைக்கவில்லை. மூன்றாம் நாள் கிளாரா ஒரு சீப்பு சிறுமலை வாழைப்பழத்தைக் கொண்டுவந்து நர்கீஸ் கையில் கொடுத்தாள். ஐந்தாம் நாள் பார்த்தால், பிடிமானம் இல்லாமல் நாற்காலியிலிருந்து எழுந்து நிற்கிறாள். என் முட்டி விறைத்தது விறைத்தபடியே இருக்கிறது. எனக்குப் புரிந்துபோயிற்று. பழம் கொடுத்தவளுக்கு முழுச்சூடு, எனக்கு மிச்சச் சூடு.

"அவளுக்கு வைக்கிற மாதிரியே எனக்கும் வையி," என்று கேட்டேவிட்டேன்.

"சூடு கூடுனா சீக்கிரம் சரியாகும்னு இல்லம்மா. இதமா இருந்தாப் போதும்."

பழம் வாங்கியவள் வேறென்ன சொல்வாள்?

ஆறாம் நாள் பேக்கை வைத்து ஐந்து நிமிஷம் கழித்துத் தூக்கித் தோலைப் பார்த்தாள். நல்லா இருக்கு என்று சொல்லித் திரையை இழுத்துவிட்டுப் போனாள். நான் எழுந்து உட்கார்ந்து, அடியிலிருந்த கூடுதல் துண்டை உருவித் தலையணைக்குக் கீழே ஒளித்தேன். சுற்றியிருந்ததிலும் ஒரு மடிப்பைப் பிரித்துவிட்டேன். கிளாராவுக்கு ஒரு பங்கென்றால் எனக்கு ஒன்றரைப் பங்கு. இதமாகத்தான் இருந்தது, சத்தியமாக.

"யாத்தி, இன்னிக்கு நல்லாச் சுடுது நர்கீசு!" என்று கிளாரா அந்தப் பக்கமிருந்து கத்தினாள்.

"எனக்கு ஒண்ணுஞ் சுடலயே. சில பேருக்குத் தாங்குற சத்தி கெடையாது," என்றேன். எவ்வளவு சந்தோஷம் எனக்கு!

நேரம் முடிந்து பேக்கைத் தூக்கிய நர்கீஸின் முகம் வெளுத்துவிட்டது. முட்டி முழுக்கச் சிவந்து, நடுவில் எலுமிச்சம்பழம் அளவுக்குக் கொப்புளம்.

"துண்ட யாரும்மா எடுத்தது? ஒங்களுக்குச் சுடவே இல்லையா?" என்று பதறிக்கொண்டே குளிர்ந்த தண்ணீரை ஊற்றினாள். "சக்கரை இருக்கா? அது இருந்தாத்தான் இப்பிடிச் சூடு தெரியாம மரத்துப்போகும். உண்மையச் சொல்லுங்க."

திரையை விலக்கிக்கொண்டு கிளாரா நின்றாள்.

"இருக்கு நர்கீசு. அத்தான் மெடிக்கல்ல மாத்திர வாங்குறப்பப் பாத்திருக்கேன்."

"தெரிஞ்சவ மொத நாளே ஏன்டி சொல்லல?" என்று அவள்மேல் பாய்ந்தேன்.

"நீங்க இல்லேங்கும்போது நா இருக்குன்னா, ஒங்களுக்கு அசிங்கமில்லையாக்கா?"

எனக்காகப் பார்த்துப் பேசாமல் இருந்தாளா, கோயம்புத்தூருக்குப் போவதற்காகப் பேசாமல் இருந்தாளா? பாவி, அழுதுகொண்டு வேறு நின்றாள்.

சர்க்கரைப் புண் லேசில் ஆறவில்லை. காலை ஊன்றக் கூடாது என்று டாக்டர் படுக்கப் போட்டுவிட்டார். கிளாராதான் கோயம்புத்தூர் போனாள். பேத்தி பிறந்தாள்.

ஐரின் வீடியோவில் கூப்பிட்டுக் காட்டினாள். பிள்ளைக்கு அப்படியே என் மூக்கு. படுத்திருந்தது கிளாராவின் மடியில்.

"ஒஞ் சித்திக்கு முட்டி அம்புட்டுச் சரியாயிருச்சோ? மூணு மாடி ஏறிட்டா!" என்றேன். குரலில் இருந்த விஷம் எனக்கே கேட்டது.

"எங்க ஏறுச்சும்மா! பத்துப் படிக்கு மேல முடியல. அப்பறம் படியிலயே உக்காந்து, பின்பக்கமா ஒவ்வொரு படியாத் தள்ளித் தள்ளி மேல வந்துச்சு. கீழ் வீட்டுக்காரங்கள்லாம் சிரிச்சாங்க. சித்தி என்னடான்னா, 'அதுக்கென்ன, வந்து சேந்தாச்சுல்ல'ங்குது."

போனைக் கவிழ்த்து வைத்தேன். உட்கார்ந்தபடியே ஏறுவதற்கு முட்டி எதற்கு? அவள் போன் போட்ட அன்றைக்கே கிளம்பிப் போய், அப்படி ஏறியிருக்கலாமே நான். எனக்கு அது தோன்றவே இல்லை.