மாமாவின் மான்களுக்கு ஒரு குளியல்

மார்த்தாண்டத்தில் பிறந்து, பிரிஸ்கோவில் வீடு வாங்கி, வருஷக்கணக்காக டெக்சாஸ் லைசென்ஸைப் பையில் வைத்துக்கொண்டு திரிந்தும், பெனிஷை ஒருத்தரும் டெக்சாஸ்காரன் என்று நினைத்ததில்லை. அவனுக்கு அதில் ஒரு மனக்குறை உண்டு. பூட்ஸ் வாங்கிப் போட்டான், குதிகால் கடித்தது. தொப்பி வாங்கினான். அதை வைத்துக்கொண்டு சர்ச்சுக்குப் போனபோது ஒரு ஆன்ட்டி, "வெயில் ஒத்துக்கலியா தம்பி?" என்று அக்கறையாக விசாரித்தார்.

ஆகவே போன வருஷம் மாமியார் திரேசா போன் பண்ணி அந்தக் கேள்வியைக் கேட்டதும் அவன் யோசிக்கவே இல்லை.

"தம்பி, இவர்ரை மான் தலையளும் துவக்குகளும் சும்மா கிடக்குது. நீங்கள் கொண்டுபோறீங்களோ?"

"கண்டிப்பா மாமி! மாமா ஞாபகமா எங்க வீட்லயே இருக்கட்டும்."

மாமனார் டாக்டர் அரியரட்ணம் யாழ்ப்பாணத்துக்காரர். சான் அன்டோனியோவுக்கு மேற்கே ஒரு சிற்றூரில் நாற்பது வருஷம் வைத்தியம் பார்த்தவர். ஊரில் அவர் குடும்பம் ஒன்றுதான் தமிழ்க் குடும்பம். ஒவ்வொரு நவம்பரும் ஊர்க்காரர்களோடு மான் வேட்டைக்குப் போவார். அவர் இறந்த பிறகு மாமி பெரிய வீட்டை விற்றுவிட்டு சான் அன்டோனியோவில் ஒரு சின்ன அபார்ட்மென்ட்டுக்கு வந்துவிட்டார். அங்கே கொம்போடு இரண்டு தலைகளை மாட்ட இடமில்லை. அப்படித்தான் அந்த இரண்டு மான்களும், ஒரு ரைஃபிளும், ஒரு ஷாட்கன்னும், அவற்றைத் தாங்கும் மரச்சட்டமும் பெனிஷ் வீட்டு ஃபயர்பிளேஸுக்கு மேலே குடியேறின.

துப்பாக்கி என்றால் பெனிஷுக்கு பயம். இதை அவன் வெளியே சொன்னதில்லை. தூசு தட்டும் வேலையை மனைவி பிரீத்தாவிடம் விட்டுவிட்டு, கீழே நின்று போட்டோ மட்டும் எடுத்துக்கொண்டான்.

டிசம்பரில் சர்ச் கேரல் கோஷ்டி அவன் வீட்டுக்கு வரும் முறை வந்தது. பிரீத்தா அம்மாவைக் கண் டாக்டரிடம் காட்டி, அப்படியே கிறிஸ்துமஸுக்குக் கூட்டிக்கொண்டு வருவதற்காக சான் அன்டோனியோ போயிருந்தாள். வீட்டில் பெனிஷ் தனி ராஜா. மேலே மான்கள், துப்பாக்கிகள், கீழே திகுதிகுவென்று எரியும் நெருப்பு, பக்கத்தில் தொப்பியோடு தான். இந்தக் காட்சி அவன் மனதில் வந்ததும் வேறு எதுவும் அங்கே நுழைய இடமில்லாமல் போய்விட்டது. வீடு வாங்கியதிலிருந்து அந்த ஃபயர்பிளேஸில் பேட்டரி மெழுகுவர்த்தி தவிர எதுவும் எரிந்ததில்லை. கடையில் இரண்டு கட்டு விறகு வாங்கிவந்து அடுக்கினான்.

புகைபோக்கிக்குள் ஒரு இரும்புத் தட்டு உண்டு, அதைத் திறந்து வைத்தால்தான் புகை மேலே போகும் என்பது அவனுக்குத் தெரியாது. அவன் ஆபீசில் சொல்யூஷன் ஆர்க்கிடெக்ட். எது எங்கே போய் அடைத்துக்கொள்ளும் என்று முன்கூட்டியே கண்டுபிடிப்பதற்குத்தான் அவனுக்குச் சம்பளம்.

கேரல்காரர்கள் இரண்டாவது சரணத்தில் இருந்தபோது புகை ஹாலுக்குள் உருண்டு வந்தது. மூன்றாவது சரணத்தை ஸ்மோக் அலாரம் பாடியது. முதலில் வெளியே ஓடியது கிறிஸ்துமஸ் தாத்தா வேஷம் போட்டிருந்த கபிலாஷ். கடைசியில் அவன் மனைவி கௌசிகாதான் துப்பட்டாவால் மூக்கைப் பொத்திக்கொண்டு உள்ளே வந்து, புகைபோக்கிக்குள் ஒரு கைப்பிடியைச் சடாரென்று இழுத்துவிட்டு வெளியே போனாள். மிச்சப் பாட்டைக் குளிரில் புல்தரையில் நின்று பாடி முடித்தார்கள். "மறக்கவே முடியாத கேரல், பிரதர்," என்று ஆறுதல் சொல்லிவிட்டுப் போனார் பாஸ்டர்.

மறுநாள் காலை வெளிச்சத்தில் பார்த்தால், சுவர் சாம்பல் நிறம். மான்கள் இரண்டும் கண்ணுக்கு மை எழுதிக்கொண்டு நாட்டியத்துக்குக் கிளம்பினதுபோல் இருந்தன. அடுத்த நாள் மதியம் பிரீத்தா மாமியோடு வந்துவிடுவாள்.

சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தான். அவளுக்குத் தெரியாமலே எல்லாவற்றையும் பளிச்சென்று ஆக்கிவிட்டால் என்ன என்று மறுகணம் தோன்றியது. அவன் வாழ்க்கையின் பெரும்பாலான சங்கடங்கள் இந்த மறுகணத்தில்தான் ஆரம்பித்திருக்கின்றன.

பெரிய மானை இறக்கி பாத்டப்பில் வைத்தான். மயிர்தானே, மயிருக்கு ஷாம்பூதானே என்று பிரீத்தாவின் தேங்காய் வாசனை ஷாம்பூவைத் தாராளமாக ஊற்றித் தேய்த்தான். கறுப்புத் தண்ணீர் ஓடியது. நன்றாகத்தான் போகிறது என்று சீட்டியடித்தான். துடைத்து ஹேர் டிரையர் போட்ட பிறகுதான் மானின் இடது காது மெல்ல வளைந்து, நனைந்த அப்பளம் மாதிரி தொங்கியது. நெற்றி மயிர் வகிடெடுத்துப் படிந்து, ஸ்கூலுக்குக் கிளம்பின பையன் மாதிரி ஆகிவிட்டது. அப்போதுதான் பதறிப்போய் போனில் வீடியோ தேடினான். முதல் வீடியோவில் ஒரு தாடிக்காரர் எடுத்த எடுப்பிலேயே சொன்னார்: "எது செய்தாலும் சரி, தண்ணீர் மட்டும் படக்கூடாது."

காதை நிமிர்த்தி, துணிக்கு மாட்டும் கிளிப்பைப் போட்டுவிட்டு, துப்பாக்கிகள் பக்கம் திரும்பினான். சைக்கிள் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டான். சமையலறையில் சூடான பாத்திரம் இறக்கும் தடித்த கையுறை இருந்தது, அதையும் போட்டுக்கொண்டான். ரைஃபிளை, தூங்குகிற குழந்தையைத் தூக்குவதுபோல் இறக்கி, குழல் சுவரைப் பார்த்த வாக்கில் துண்டின் மேல் கிடத்தினான். உலர்ந்த துணியால் கட்டையைத் துடைத்தான். முதலில் கறுப்பு வந்தது. பிறகு பழுப்பாக வந்தது. துடைக்கத் துடைக்க வந்துகொண்டே இருந்தது. ஐயோ, பாலிஷைக் கழற்றிவிட்டோம் என்று துணியைப் போட்டுவிட்டான்.

சின்ன மானைத் தாடிக்காரர் சொன்னபடியே செய்தான். வேக்குவத்தை மயிரில் படாமல் பிடித்து உறிஞ்சினான். புகைக்கரியை எடுக்கும் உலர்ந்த ஸ்பாஞ்சால் மயிர் படிந்த திசையிலேயே நீவினான். மேல் மயிரில் இருந்த கறுப்பு போய்விட்டது. கொம்பின் அடியில் பஞ்சில் கொஞ்சம் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தபோது மறுபடியும் அதே பழுப்பு. மான் கொம்புக்கு யார் பாலிஷ் போடுவார்கள்? பஞ்சை மூக்கருகே கொண்டுபோனான்.

சுருட்டு.

சட்டத்தைத் திருப்பி முகர்ந்தான். சுருட்டு. ரைஃபிள் கட்டையை, ஹெல்மெட் இடிக்க இடிக்கக் குனிந்து முகர்ந்தான். சுருட்டேதான். ஒரு சாயங்காலத்துப் புகை இல்லை இது. வருஷம் வருஷமாக ஒரு மூடிய அறையில் ஊறி ஊறிப் படிந்தது.

பெனிஷ் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

பெண் கேட்டுப் போன நாள் அவனுக்கு ஞாபகம் வந்தது. இதே மான்களுக்குக் கீழே உட்கார்ந்துகொண்டு டாக்டர் முதல் கேள்வியாகக் கேட்டார்: "தம்பி, சிகரெட் பத்துவீங்களோ?"

யாழ்ப்பாணத்தில் பத்துவது என்றால் புகைப்பது என்று மார்த்தாண்டத்துக்காரனுக்கு எப்படித் தெரியும்? "சேச்சே, பத்து எல்லாம் இல்ல அங்கிள். ஒரு நாளைக்கு மூணுதான்," என்றான், பெருமையாக.

டாக்டர் எழுந்துபோய் யாரோ ஒருவருடைய நுரையீரல் எக்ஸ்ரேயைக் கொண்டுவந்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். சாப்பாடு ஆறும்வரை பேசினார். விட்டால்தான் பெண் என்றார். பெனிஷ் விட்டான். நகத்தைக் கடித்தான், ஏலக்காயை மென்றான், குண்டானான், ஆனால் விட்டான். அந்த மனுஷனுக்குப் பயந்தே இன்றுவரை ஒன்றைக்கூடத் தொட்டதில்லை.

"மாமா!" என்று மானைப் பார்த்துச் சொன்னான். மான் கண்ணாடிக் கண்ணால் அவனைப் பார்த்தது.

மறுநாள் பிரீத்தா கதவைத் திறந்ததும் நின்றுவிட்டாள். "ஓ மை காட். அப்பாவோட டீருக்கு என்ன ஆச்சு? வொய் இஸ் தேர் எ கிளிப்?"

பெனிஷ் எல்லாவற்றையும் சொன்னான். சுருட்டைத் தவிர. போன மனுஷனைக் காட்டிக்கொடுப்பது அழகில்லை என்று முடிவு செய்திருந்தான். பிரீத்தா சோபாவில் கிடந்த ஹெல்மெட்டை எடுத்துப் பார்த்தாள்.

"இது எதுக்கு?"

"ஒரு சேஃப்டிக்கு..."

"ரெண்டுலயும் லாக் போட்டிருக்கு, பெனிஷ். குண்டும் கிடையாது. கீ என் பர்ஸ்ல இருக்கு." அவள் உட்கார்ந்து, இரும்பில் லேசாகத் துருப் பொட்டு வந்திருந்த இடங்களை எண்ணெய்த் துணியால் துடைக்க ஆரம்பித்தாள். பீன்ஸ் நறுக்குகிறவள் மாதிரி இருந்தது அவள் முகம். சின்ன வயதில் அப்பா கற்றுக்கொடுத்ததாம்.

இதற்குள் மாமி, "என்ன தம்பி, வீடு முழுக்கத் தேங்காய் மணக்குது?" என்று கேட்டபடி மெல்ல வந்து உட்கார்ந்தார். பக்கத்தில் பேப்பர் விரித்த இடத்தில் பழுப்புப் பஞ்சுகள் கிடந்தன. பெனிஷ் காலால் தள்ளப் பார்த்தான். அதற்குள் மாமி ஒன்றை எடுத்து முகர்ந்துவிட்டார்.

மறுபடியும் ஒருமுறை முகர்ந்தார்.

"அம்மா?" என்றாள் பிரீத்தா.

"கொப்பர் சுருட்டுப் பத்துறவர், பிள்ளை."

"வாட்!" பிரீத்தாவின் கையிலிருந்த துணி விழுந்தது. "காலேஜ்ல ஒரே ஒரு சிகரெட்டுக்கு என் கார் கீயை ஒரு செமஸ்டர் வச்சுக்கிட்டார், அம்மா!"

"எனக்குக் கல்யாணமே நின்னிருக்கும்," என்றான் பெனிஷ்.

மாமிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அந்த மனுசன்ரை உடுப்பை நான்தானே தோய்ச்சனான். எனக்கு மணக்காதே? நாங்கள் படுத்தாப்பிறகு உந்த மான் மாட்டின அறையைப் பூட்டிப்போட்டுப் பத்துறவர். எனக்குத் தெரியும் எண்டது அவருக்குத் தெரியாது. சொன்னால் வெக்கப்படுவார் எண்டு அப்பிடியே விட்டிட்டன். மான் வேட்டை, மான் வேட்டை எண்டு போறதும் உதுக்குத்தான். அங்கை போய் நெருப்புக்குப் பக்கத்திலை இருந்து எல்லாரோடையும் பத்திக் கதைச்சிட்டு வாறது. துவக்குச் சத்தம் கேட்டாலே அவருக்குத் தலையிடி."

"அப்போ இந்த மானெல்லாம்?" என்றான் பெனிஷ்.

"ரெண்டும் கூடப் போன ஆக்கள் குடுத்தது. நான் எறியத்தான் இருந்தனான் தம்பி. உங்களுக்கு ஆசை எண்டு பாத்து வைச்சனான்."

உங்களுக்குக் கொடுக்க ஆசை என்று நினைத்துத்தான் வாங்கினேன் என்று சொல்ல வாயெடுத்தான். அது பாதிப் பொய் என்பதால் விழுங்கிக்கொண்டான்.

மாமி சின்ன மானைக் கேட்டார். பெனிஷ் தூக்கிக்கொண்டு வந்து மடியில் வைத்தான். அவர் அதன் கழுத்து மயிரை விலக்கி, முகத்தைப் புதைத்து, மூச்சை உள்ளே இழுத்தார். அப்படியே இருந்தார். பிரீத்தா எண்ணெய்த் துணியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பெனிஷ் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் கிளிப் போட்ட காதைப் பார்த்தான்.

நிமிர்ந்தபோது மாமியின் மூக்கு நுனியில் கரி ஒட்டியிருந்தது. "இதை இனிக் கழுவ வேண்டாம். நான் கொண்டுபோறன்."

"அபார்ட்மென்ட்ல எங்க மாமி வைப்பீங்க?"

"கட்டிலுக்கு எதிரை இடமிருக்கு. பெரிசை நீங்களே வைச்சுக்கொள்ளுங்கோ. அது இப்ப உங்கடை வீட்டு மணம்தானே."

கிறிஸ்துமஸ் முடிந்ததும் மாமியைக் கொண்டுபோய் விடக் கிளம்பினார்கள். பிரீத்தா டிரைவ் பண்ண, மாமி முன்னால் உட்கார, பின்சீட்டில் பெனிஷும் மானும். பிரேக் போடும்போதெல்லாம் கொம்பு அவன் விலாவில் குத்தியதால் வழியில் வேக்கோ என்ற ஊரைத் தாண்டுவதற்குள் அதற்கு சீட் பெல்ட் போட்டுவிட்டான். பக்கத்து லேன் கார்களில் பிள்ளைகள் கையசைத்தார்கள். அவனும் அசைத்தான். அவர்கள் மானுக்குத்தான் அசைக்கிறார்கள் என்பது கொஞ்சம் தாமதமாகத்தான் புரிந்தது.

பெட்ரோல் போட நிறுத்திய இடத்தில், லாரி மாதிரி பிக்கப்பிலிருந்து இறங்கிய ஒரு பெரியவர் ஜன்னல் வழியாகப் பார்த்து விசிலடித்தார். அருமையான மான், நீ சுட்டதா என்று பெனிஷைக் கேட்டார். ஒரு டெக்சாஸ்காரர் தன்னைப் பார்த்து இப்படி ஒரு கேள்வி கேட்பதற்காகத்தான் அவன் இத்தனை வருஷம் காத்திருந்தான். வாயைத் திறந்தான். பக்கத்தில் பெல்ட் போட்டிருந்த மானைப் பார்த்தான்.

"மை ஹஸ்பெண்ட்," என்றார் மாமி, முன்சீட்டிலிருந்து.

பெரியவர் உடனே தொப்பியைக் கழற்றினார். குறி தவறாத ஆளாக இருந்திருப்பாரே என்றார்.

"வெரி குட்," என்றார் மாமி, கண் இமைக்காமல். பிரீத்தா பெட்ரோல் மீட்டரையே உற்றுப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் தோள் குலுங்கியது.

பெரியவர் போனதும் மாமி திரும்பினார். "தம்பி, உள்ளுக்கை கோப்பி இருக்குமோ? எனக்கு ஒண்டு, சீனி போடாமல்."

பெனிஷ் மானைத் தாண்டி இறங்கிக் கோப்பி வாங்கப் போனான்.